கோடு இறங்கிய மாதம்

வீட்டில் அவளைக் குட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பதைத் தாண்டி, வகிட்டோரம் நரை எட்டிப் பார்த்த பிறகும் குட்டிதான். பெயர் வைத்தது அண்ணி. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, கலைந்த தலையோடு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நாத்தனாரைப் பார்த்து, "இந்தக் குட்டிக்கு யாரு தலை வாரி விடறது?" என்று கேட்டாள். தாய் இல்லாத வீடு. அண்ணன் தன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அண்ணி சீப்பை எடுத்தாள்.

பல வருடம் கழித்து, குட்டியின் சொந்தக் கல்யாணம் முறிந்து, அவள் ஒரு பெட்டியோடு அதே வீட்டு வாசலில் வந்து நின்றபோதும் அண்ணி ஒன்றும் விசாரிக்கவில்லை. "பெட்டியை உள்ள வை. சாப்பிட்டியா?" என்றாள். அதோடு சரி. அப்போது அண்ணன் உயிரோடு இல்லை. அண்ணியும் அவள் மகளும் மட்டும் இருந்த வீட்டில் குட்டி மூன்றாவது ஆளானாள்.

அண்ணன் நாடகக்காரன். நகரத்துக் கலை மன்றம் ஒன்றில் மூன்று அரங்குகள் இருந்தன. பெரிய அரங்கு பெரிய இடத்துப் பிள்ளை மாதிரி, எப்போதும் வெளிச்சமும் வாசனையுமாக இருக்கும். நடு அரங்கு பாட்டுக்கும் நடனத்துக்கும். பின்பக்கம், பழைய திரைச்சீலைகளையும் மரப்பலகைகளையும் போட்டு வைத்திருந்த கிடங்கு ஒன்று கிடந்தது. அண்ணன் நிர்வாகத்தைக் கெஞ்சிக் கூத்தாடி அதை வாங்கினான். சுண்ணாம்பு அடித்து, பழைய நாற்காலிகளைப் பழுது பார்த்துப் போட்டு, அதைச் சின்ன அரங்கு ஆக்கினான். வியாழன்தோறும் நாடகம். எழுதுவது அவன், ஆட்டுவிப்பது அவன், வாசலில் நின்று சீட்டு விற்பதும் அவன். உடை தைப்பது அண்ணி.

ஒரு வியாழக்கிழமை ஒத்திகைக்குப் போகிற வழியில், சாலையைக் கடக்க நின்றவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் வருவது நின்றதும் அண்ணி சின்ன அரங்கின் சாவியை எடுத்துக்கொண்டு மன்றத்துக்குப் போனாள். "நான் பார்த்துக்கறேன்" என்றாள். அன்றைக்கு இருந்த நிர்வாகிக்கு மறுக்க மனசு வரவில்லை. வெளியூர்க் குழுக்களைக் கூப்பிட்டாள், இளசுகளுக்கு மேடை கொடுத்தாள், அவர்களுக்கு உடையும் தைத்தாள். ஏழு வருடம். ஒரு வியாழன்கூட விளக்கு எரியாமல் இருந்ததில்லை.

குட்டி படித்தது புள்ளியியல். தொலைபேசி நிறுவனம் ஒன்றில் வாடிக்கையாளர் யார் வருகிறார், யார் போகிறார் என்று அலசுகிற வேலை பார்த்தாள். மன்றத்தில் அதே மாதிரி ஆள் தேடுகிறார்கள் என்று அண்ணிதான் வந்து சொன்னாள். "ஊரான் போன்ல பேசற கணக்கைப் பார்க்கறதுக்கு, நம்ம நாடகத்துக்கு வர்றவங்க கணக்கைப் பார்க்கலாமே" என்றாள். குட்டி சேர்ந்தாள். சீட்டு விற்பனைத் தகவல் தளம் முழுக்க அவள் பொறுப்பில் வந்தது.

சீட்டு ஜன்னலில் உட்கார்ந்திருந்தவரை எல்லாரும் ஜன்னல் என்றே அழைத்தார்கள். அவர்தான் குட்டிக்கு 'டேட்டா மேடம்' என்று பெயர் வைத்தவர். அவள் ஒரு அறிக்கை கொடுத்து, கூட்டமே இல்லாத காலைக் கச்சேரி ஒன்றை மன்றம் நிறுத்தியபோது, "டேட்டா வந்தா யாருக்கோ டாட்டா" என்று சொல்லிச் சிரித்தார். அந்த வாக்கியம் மன்றம் முழுக்கப் பரவியது. அண்ணிகூட வீட்டில் அதைச் சொல்லிச் சிரித்தாள்.

அந்த வருட மழையில் சின்ன அரங்கின் கூரை ஒழுகியது. நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே மேடை நடுவில் சொட்டுச் சொட்டாக விழ, நடிகன் ஒருவன் சமயோசிதமாக ஒரு வாளியை எடுத்து வந்து வைத்து, "எங்க வீட்டுல இதுதான் ஊற்று" என்று வசனம் பேசினான். கைதட்டல் கிடைத்தது. ஆனால் மறுநாள் வந்து பார்த்த பொறியாளர், ஒட்டுப் போட்டால் நிற்காது, கூரையை முழுசாக மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

புதிய நிர்வாகி மெதுவாகப் பேசுகிறவர். குட்டியை அறைக்கு அழைத்தார்.

"கூரையை மாத்தறதா, இல்லை அரங்கையே மூடறதான்னு மன்றத்து நிர்வாகக் குழு முடிவு பண்ணணும். பத்து வருஷ சீட்டுத் தகவலை எடுங்க. யார் வர்றாங்க, எத்தனை தடவை வர்றாங்க, புதுசா வந்தவங்க தங்கறாங்களா. எல்லாம் வேணும்."

"சார், அதை நடத்தறது எங்க அண்ணி. நான் செஞ்சா சரியா இருக்காது. வேற யாரையாவது..."

"எனக்கும் தெரியும்மா. ஆனா வெளியாளைக் கூப்பிட்டா, எதை எங்க தேடணும்னு புரியறதுக்குள்ள அடுத்த மழை வந்துடும். உங்க மேல எனக்கு நம்பிக்கை இருக்கு."

வீட்டில் சொன்னபோது அண்ணிக்கு சந்தோஷம். தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

"நீ இருக்கும்போது வேற ஒருத்தன் எதுக்கு? இத்தனை வருஷத்துல யாராவது எங்களை எண்ணிப் பார்த்திருக்காங்களா? எண்ணட்டும். அப்பத்தான் புரியும். நம்ம வீட்டுக் கண்ணு பார்த்தா எனக்கு அது போதும்."

குட்டி வேலையைத் தொடங்கினாள்.

முதல் நாளே வம்பு. பத்து வருடத்தையும் ஒரே மூச்சில் கேட்டதில் தகவல் தளம் திணறியது. கீழே ஜன்னலில் வரிசை நின்றது. ஜன்னல் மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்தார். "மேடம், என்ன பண்ணினீங்க? என் மெஷின் சாமியார் மாதிரி கண்ணை மூடி உட்கார்ந்திருக்கு! கீழ ஒரு அம்மா என்னைத் திட்டிக்கிட்டு இருக்காங்க!" குட்டி மன்னிப்புக் கேட்டு நிறுத்தினாள். அப்புறம் முழுத் தகவலையும் வேறொரு கணினிக்குப் படி எடுத்து வைத்துக்கொண்டு, அதில் வேலை பார்த்தாள்.

பழைய மென்பொருளிலிருந்து புதியதுக்கு மாறியபோது எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டியிருந்தார்கள். ஒரே ஆள் நாலு ஆளாக இருந்தார். ஒரு தடவை வீட்டு எண், ஒரு தடவை மனைவியின் எண், ஒரு தடவை முன்னெழுத்து பெயருக்கு முன்னால், இன்னொரு தடவை பின்னால். குட்டி புள்ளிகளையும் இடைவெளிகளையும் நீக்கி, முகவரியோடு முகவரியை ஒத்துப் பார்த்து, நாலு பேரை ஒருவராக்கினாள். வழக்கமாக அவளுக்குப் பிடித்த வேலை அது. பாத்திரம் தேய்த்துக் கவிழ்ப்பது போல ஒரு நிம்மதி இருக்கும். இந்தத் தடவை இல்லை. ஒவ்வொரு முறை இரண்டு பேர் ஒருவராகும்போதும் சின்ன அரங்கில் ஒரு நாற்காலி காலியானது. குடும்பம் குடும்பமாக வந்த கூட்டம் போலத் தெரிந்தது, கூட்டிப் பார்த்தால் அதே சில பேர் திரும்பத் திரும்ப வந்ததாக இருந்தது.

அதற்கடுத்து அழைப்புச் சீட்டுகள். ஒவ்வொரு வருட அறிக்கையிலும் சின்ன அரங்கு முக்கால்வாசிக்கு மேல் நிரம்பியதாக இருந்தது. அது வழங்கிய சீட்டுகளின் கணக்கு. அதில் பாதிக்கும் மேல் விலையில்லாச் சீட்டுகள். அண்ணி நர்ஸ் விடுதிக்கும் கல்லூரிகளுக்கும் அனுப்பியவை. ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான். "ஒரு தடவை ஓசியில வந்தா மறு தடவை காசு குடுத்து வருவாங்க" என்பாள். வாசலில் சீட்டைக் காட்டினால் பீப் என்று ஒலிக்கிற கருவி வந்த பிறகு, யார் உண்மையிலேயே உள்ளே வந்தார்கள் என்ற தகவலும் பதிவாகியிருந்தது. அந்தச் சீட்டுகளில் பெரும்பாலானவை பீப் என்று ஒலிக்கவே இல்லை. ஒலித்தவையும் இரண்டாம் தடவை வரவில்லை.

அண்ணிக்கு இது எப்படித் தெரியாமல் போனது என்று குட்டி யோசித்தாள். வியாழன்தோறும் அந்த அரங்கில் இருந்தவள் அவள். காலி நாற்காலிகளைக் கண்ணால் பார்த்தவள். ஆனால் தினம் பார்க்கிற பிள்ளை வளர்வது தாய்க்குத் தெரியாது என்பார்கள். தேய்வதும் அப்படித்தான் போலிருக்கிறது. இந்த வாரம் மழை, போன வாரம் பரீட்சை, அதற்கு முந்தைய வாரம் பெரிய அரங்கில் யாரோ பெரிய பாடகர். ஒவ்வொரு காலி நாற்காலிக்கும் ஒரு காரணம் கையில் இருந்தது.

எல்லாவற்றையும் கோடாக வரைந்து பார்த்தாள். காசு கொடுத்து வந்தவர்களின் கோடு முதல் மூன்று வருடம் ஏறியது. பிறகு ஒரு மாதம் விறுவிறுவென்று உச்சிக்குப் போனது. அண்ணன் இறந்து, அவனுக்கு அஞ்சலி நாடகம் போட்ட மாதம் அது. அதற்கப்புறம் கிணற்றுக்குள் கல் விழுந்த மாதிரி இறங்கியது. பிறகு சின்னச் சின்ன மேடு பள்ளங்களோடு, ஆனால் இறங்கு முகமாகவே, இன்று வரை.

அந்த மாதம் எது என்று அவள் தேதியைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

பழைய சீட்டுப் பதிவு வரிகளில் 'விற்றவர்' என்ற பத்தியில் அண்ணனின் குறியீடு இருந்தது. வரிக்கு வரி அவன்தான். பக்கத்திலேயே 'குறிப்பு' என்று ஒரு பத்தி. யாரும் நிரப்பாத அந்தப் பத்தியை அண்ணன் மட்டும் நிரப்பியிருந்தான். 'முட்டி வலி. ஓரத்து நாற்காலி கொடு.' 'முதல் பாதியில் தூங்குவார். முன் வரிசை வேண்டாம், நடிகர்கள் மனம் உடைவார்கள்.' 'மகனோடு சண்டை. தனியாக வந்தால் மகனைப் பற்றிக் கேட்காதே.' 'இவர் சிரித்தால் அரங்கமே சிரிக்கும். நடுவில் உட்கார வை.' 'பிள்ளை பிறந்திருக்கிறது, இனிமேல் ஆறு மாதம் வர மாட்டாள். வந்ததும் பேர் கேள்.'

குட்டி அலுவலகத்துக் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதாள். அண்ணன் செத்தபோது அழுததைவிட அதிகம். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

குழுக் கூட்டத்துக்கு முன்பாகவே அண்ணியிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். ஊர் முன்னால் அவள் முதல் முறை கேட்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை, அண்ணியின் மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்த மத்தியான வேளையில், மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

குட்டி நிதானமாக விளக்கினாள். அண்ணி குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில் கேள்விகள் வந்தன.

"இதுல மழை நாளைக் கழிச்சியா?"

"கழிச்சேன் அண்ணி."

"பரீட்சை மாசம்?"

"அதையும்தான்."

"பெரிய அரங்குல பெரிய கூட்டம் இருக்கிற நாள்? அன்னிக்கு வண்டி நிறுத்தக்கூட இடம் இருக்காது. யாரு வருவா?"

"அந்த நாளையும் கழிச்சுட்டேன் அண்ணி. எல்லாத்தையும் கழிச்சுப் பார்த்துட்டேன்."

அண்ணி திரையில் விரலை வைத்தாள். "இந்த இடம்... இது அவர் போன மாசமா?"

"ஆமா."

"அப்ப வந்தவங்க எல்லாம் அவருக்காக வந்தவங்க."

"அப்படி அடிச்சுச் சொல்ல முடியாது அண்ணி. பல காரணம்..."

"நீ சொல்ல வேணாம். கோடே சொல்லுதே."

அவள் முகம் வாடியதைப் பார்க்க முடியாமல், கொஞ்சமாவது சிரிப்பாளே என்று நினைத்து, குட்டி அண்ணனின் குறிப்புகளைத் திறந்து காட்டினாள். அண்ணி சிரிக்கத்தான் செய்தாள். "ஐயோ, அந்தத் தூங்குமூஞ்சி மனுஷன்! குறட்டை விட்டா பின் வரிசை வரைக்கும் கேட்கும்" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒன்று, இரண்டு, பத்து குறிப்புகள் படித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"நான் இதைச் செஞ்சதே இல்லையே, குட்டி. ஒரு நாள்கூட வாசல்ல நின்னு யாரையும் முட்டி வலி எப்படி இருக்குன்னு கேட்டதில்லையே. நான் உள்ள உட்கார்ந்து துணி தைச்சுக்கிட்டு இருந்தேன். உடை நல்லா இருந்தா, நாடகம் நல்லா இருந்தா வருவாங்கன்னு நினைச்சேன்."

"அண்ணி, அது உங்க தப்பு இல்லை."

அண்ணி எழுந்து வாசல் பக்கம் போனாள். திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது.

"நான் ஒண்ணு கேட்பேன். செய்வியா?"

"சொல்லுங்க."

"அழைப்புச் சீட்டையும் சேர்த்துக் காட்டிடு. எப்பவும் காட்டற மாதிரி. பொய் இல்லையே. சீட்டு சீட்டுதானே? கூரையை மட்டும் போட்டுடட்டும். ரெண்டு வருஷம் குடு எனக்கு. நான் வாசல்ல நிக்கறேன். ஒவ்வொருத்தரா பேர் கேட்டு நிக்கறேன்."

அண்ணி குட்டியின் கையைப் பிடித்தாள். அந்த வீட்டில் அண்ணி யாரிடமும் எதையும் கேட்டு அவள் பார்த்ததில்லை.

"அறிக்கையில ஒரு பக்கம் எழுதறேன் அண்ணி. ரெண்டு வருஷம் அவகாசம் குடுத்துப் பார்க்கலாம், வாசல்ல ஆளை அறிஞ்சு நடத்தினா பழைய ஆளுங்க திரும்பலாம்னு எழுதறேன். அது உண்மை. ஆனா கேட்டா, வராதவங்களை வந்தாங்கன்னு என்னால சொல்ல முடியாது."

அண்ணி கையை விட்டாள். "சரி. உன் இஷ்டம்" என்று மெஷினுக்குப் போனாள். அன்று மாலை வரை மெஷின் ஓடவில்லை.

குழு நடு அரங்கின் மாடியிலிருந்த நீளமான அறையில் கூடியது. அண்ணியையும் அழைத்திருந்தார்கள். சாம்பல் நிற உடையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். குட்டி பேசத் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே தலைவர் கையை உயர்த்தினார்.

"ஒரு நிமிஷம். போன வருஷ அறிக்கையில முக்கால்வாசி நிரம்புதுன்னு இருக்கே. நீங்க சொல்றது அதுல பாதிகூட இல்லை. எது சரி?"

அறையில் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அண்ணியும் பார்த்தாள்.

"அது வழங்கின சீட்டு சார். இது வந்த ஆளுங்க" என்றாள் குட்டி.

"அப்போ ரெண்டாவதுதான் சரி."

"ஆமா சார்."

குழுவில் ஒரு பெண்மணி பென்சிலால் கோட்டைச் சுட்டிக் காட்டினார். "இந்த இடத்துல என்ன ஆச்சு? சீட்டு முறை ஏதாவது மாத்தினீங்களா?"

"இல்லை மேடம். அந்த மாசம் எங்க அண்ணன் இறந்துட்டார்."

"ஓ" என்றார் அந்தப் பெண்மணி. பென்சிலை மேசையில் வைத்தார். யாரோ தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அண்ணி நாற்காலியை ஓசைப்படாமல் பின்னால் தள்ளி எழுந்து, தலைவரைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு வெளியே போனாள். இரண்டு வருட அவகாசம் பற்றி எழுதிய பக்கத்தைக் குட்டி படித்தாள். "நல்ல யோசனை, மனசுல வெச்சுக்கறோம்" என்றார் தலைவர். கூரைப் பேச்சு அத்தோடு முடிந்தது. அந்தப் பருவத்தோடு சின்ன அரங்கை மூடுவது என்று முடிவாயிற்று.

அன்று குட்டி வீட்டுக்குப் போனபோது அண்ணி கதவைத் திறந்தாள்.

"வாங்க" என்றாள். "டீ போடட்டுமா? உட்காருங்க."

குட்டிக்கு முதலில் புரியவில்லை. பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. நீ, வா, போ என்று இத்தனை வருடமும் கூப்பிட்ட வாய், 'வாங்க' என்கிறது. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். கதவை அடைத்திருந்தால் வாசலில் உட்கார்ந்திருப்பாள். மரியாதையை என்ன செய்வது?

"அண்ணி, ஏன் இப்படிப் பேசறீங்க?"

"எப்படிப் பேசினேன்? டீ வேணுமான்னுதானே கேட்டேன்."

அண்ணியின் மகள்தான் கத்தினாள். பதினைந்து வயது. அப்பாவின் முகவெட்டு அப்படியே. "அத்தை, ஒரே ஒரு தடவை பேசாம இருந்திருக்கலாம் நீங்க. யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?" அண்ணி அவளை அதட்டினாள். "அத்தையை அப்படிப் பேசாதே. அவங்க வேலையை அவங்க செஞ்சாங்க." அந்த 'அவங்க' மகளின் கத்தலைவிடக் குட்டிக்கு அதிகம் வலித்தது.

கடைசி வியாழனுக்கு மன்றம் விளம்பரம் செய்தது. சீட்டு இரண்டே நாளில் தீர்ந்தது. காசு கொடுத்து வாங்கிய சீட்டு. நாற்காலி போதாமல் பலகை போட்டார்கள். குட்டி பின்னால் நின்று பார்த்தாள். முட்டி வலிக்காரர் ஊன்றுகோலோடு வந்திருந்தார். தூங்குகிறவர், தூங்காமல், மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பல வருடமாக எட்டிப் பார்க்காதவர்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். நாடகம் முடிந்ததும் வரிசையில் நின்று அண்ணியின் கையைப் பிடித்து, "இப்படி மூடிட்டாங்களே, அநியாயம்" என்றார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு அண்ணி உடைகளை மடித்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். குட்டி போய் ஒரு பக்கம் பிடித்தாள். அண்ணி தடுக்கவில்லை.

"பார்த்தீங்களா" என்றாள் அண்ணி, நிமிராமல். "எல்லாரும் உயிரோடதான் இருக்காங்க. இதே ஊருலதான் இருக்காங்க. செத்த வீட்டுக்கு வர்ற மாதிரி வந்துட்டுப் போறாங்க. இதுல பாதிப் பேர் மாசத்துக்கு ஒரு தடவை வந்திருந்தா..." முடிக்கவில்லை. முடிச்சைப் பல்லால் இறுக்கினாள்.

வேலை முடித்திருந்த ஜன்னல், வெளியே சுவரில் சாய்ந்து நின்றார். குட்டியைப் பார்த்ததும் ஏதோ வேடிக்கை சொல்ல வாயெடுத்தார். சொல்லாமல், "பார்த்து வீட்டுக்குப் போம்மா" என்றார்.

அண்ணிக்கு நகரத்தின் மறுகோடியில், சீருடை தைக்கிற கூடம் ஒன்றில் மேற்பார்வை வேலை கிடைத்தது. அங்கேயே பக்கத்தில் வீடு பார்த்துக்கொண்டு மகளோடு போனாள். "தூரம்தானே காரணம். வேற ஒண்ணும் இல்லீங்க" என்றாள். குட்டி அதே வீட்டில் தனியாக இருந்தாள். மெஷின் இருந்த மூலையில் வேறு எதையும் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. சின்ன அரங்கின் கூரையைக் கடைசியில் மாற்றத்தான் செய்தார்கள். அது இப்போது பெரிய அரங்குக்கான ஒத்திகைக் கூடம். நடு அரங்கின் கணக்கை அலசச் சொல்லி நிர்வாகி கேட்டபோது, குட்டி வேலையை விட்டுவிட்டுப் பழைய தொலைபேசி நிறுவனத்துக்கே திரும்பினாள். அங்கே யாரையும் அவளுக்குத் தெரியாது. அது வசதியாக இருந்தது.

மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்கூட்டியே போன் செய்துவிட்டு, அண்ணியைப் பார்க்கப் போனாள். சின்ன வீடு. வெளிச்சமாக இருந்தது. மகளுடைய புத்தகங்கள் மேசையில் பரவிக் கிடந்தன. அண்ணி தேநீர் கொடுத்தாள். கூடத்தில் வேலை செய்கிற பெண்களைப் பற்றி, கழுத்துப் பட்டியை எப்போதும் தலைகீழாகத் தைக்கிற ஒருத்தியைப் பற்றிச் சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். பேச்சு ஓய்ந்த ஓர் இடத்தில் அண்ணியே ஆரம்பித்தாள்.

"நீங்க அன்னிக்குச் சொன்னது தப்பு இல்லை. எனக்கு அன்னிக்கே தெரியும்."

"அண்ணி..."

"சொல்லிடறேன். மனசுல வெச்சுக்கிட்டே இருக்கேன். ஊரே கூடிச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன். காது குடுக்காமகூட இருந்திருப்பேன். நம்ம வீட்டு வாயால கேட்டதுதான்... அதை எங்க கொண்டு போய் வைக்கறதுன்னு தெரியலை."

குட்டி கோப்பையைக் கீழே வைத்தாள். "என்னை நீன்னு கூப்பிடுங்க அண்ணி. அது ஒண்ணு போதும்."

அண்ணி அவளைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. உதடு அசைந்தது. கொஞ்ச நேரம் முயன்றதுபோல இருந்தது.

"வருதான்னு நானும்தான் பார்க்கறேன்" என்றாள். "கோபம் இல்லைங்க. சத்தியமா இல்லை. நாக்குதான் திரும்ப மாட்டேங்குது."

கிளம்பும்போது அண்ணி வாசல் வரை வந்தாள். மகள் பேருந்து நிறுத்தம் வரைக்கும் கூட வந்தாள். வழியெல்லாம் பரீட்சையைப் பற்றிப் பேசினாள், கணக்கு வரவில்லை என்றாள், விடுமுறையில் சொல்லித் தருகிறீர்களா என்று கேட்டாள். தருகிறேன் என்றாள் குட்டி. நிறுத்தத்தில் நின்றபோது அந்தப் பெண் சட்டென்று சொன்னாள்.

"அத்தை, நீங்க வர்றீங்கன்னு அம்மா காலையிலேர்ந்து வீட்டைப் பெருக்கித் துடைச்சாங்க தெரியுமா? மெத்தை உறையெல்லாம் மாத்தினாங்க. யாரோ விருந்தாளி வர்ற மாதிரி."

குட்டி தலையை ஆட்டினாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. உள்ளே நுழைந்தபோதே தரை ஈரம் காய்ந்திருக்கவில்லை. பேருந்து வந்தது. அவள் ஏறி உட்கார்ந்து, அந்தப் பெண் தெருமுனை திரும்பும்வரை கையசைத்துக்கொண்டிருந்தாள்.